பன்றிக் காவலுக்குத் துவக்கு: தோட்டாவைத் தேடுமுன் கையைப் பழக்குங்கள்

பயிர்க் காவலுக்கு முதன்முதலாகத் துவக்கு எடுக்கிறவர் கேட்கும் முதற் கேள்வி, "எந்தத் தோட்டா நல்லம்?" என்பதுதான். எஸ்.ஜி.யா, எல்.ஜி.யா, பி.பி.யா என்று சன்னத்தின் அளவுகளைப் பற்றித் தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தத் துவக்கு 20 மீற்றரில் சன்னத்தை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈய உருண்டைகளை, எவ்வளவு அகலத்துக்கு வீசுகிறது என்று கேட்டால் பதில் வராது. வன்னியில் காயத்தோடு காட்டுக்குள் ஓடிப்போகும் பன்றிகளில் பெரும்பாலானவை தோட்டா சரியில்லாததால் ஓடவில்லை. தூரம் கணிக்கத் தெரியாததாலும் விசையை இழுக்கும்போது கை திடுக்கிடுவதாலும்தான் ஓடுகின்றன.

கனடாவிலும் அமெரிக்காவிலும் 500 மீற்றர், 600 மீற்றருக்கு அப்பால் நிற்கும் பெரிய மானைச் சுடும் வீடியோக்களைப் பார்த்து இங்கே தோட்டா தேடுகிறவர்கள் உண்டு. அது ஒற்றைக் குண்டு சுடும் றைபிள் உலகம். அங்கே 200 யார் (ஒரு யார் ஒரு மீற்றரைவிடச் சற்றுக் குறைவு) தூரத்துக்குக் குறி சரிபார்த்த றைபிளின் குண்டு 500 யார் தூரத்துக்குப் போகும்போது மூன்று நான்கு அடி கீழே இறங்கிவிடும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று அதை ஒன்றரை அடியளவு தள்ளிவிடும். எவ்வளவு விலைகூடிய தோட்டா போட்டாலும் இந்த இரண்டையும் கணிக்கப் பழகாதவருக்குப் படாது. சன்னம் வீசும் நம்முடைய 12 போர் (குழல் அளவு) துவக்குக்கு 25 மீற்றரே உச்சத் தூரம். ஆனால் பழக்கம் முதலில், தோட்டா பிறகு என்ற வரிசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1. கடதாசி வேலையைச் சித்திரையிலேயே தொடங்குங்கள்

காலபோக நெல் மார்கழியில் பால் பிடிக்கும். அப்போதுதான் பன்றி கூட்டமாக இறங்கும். ஐப்பசியில் விதைத்துவிட்டு உரிமத்துக்கு ஓடினால் அந்தப் போகத்துக்குத் துவக்கு கிடைக்காது. விண்ணப்பம் பிரதேச செயலகம், பொலிஸ், கச்சேரி (மாவட்டச் செயலகம்), பாதுகாப்பு அமைச்சு என்று பல மேசை ஏறி இறங்க வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கும்.

பொதுவாகக் கேட்கப்படுபவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்தில் அந்தக் காணியைப் பயிர்செய்வதாகப் பதிந்த சான்று, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்று. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கையில் வைத்திருங்கள். கட்டணங்கள் மாறுவதால், போகும் அன்றே கச்சேரியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, காணிப் பத்திரத்தில் வேறொரு எழுத்து. காணி இன்னும் காலமான தகப்பன் பெயரிலேயே கிடப்பது. குத்தகை வயலுக்கு உரிமையாளரின் கடிதம் இல்லாதது. இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். பயிர் அழிந்த ஒவ்வொரு முறையும் அன்றே படம் எடுத்து, கமநல நிலையத்திலும் கிராம அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்து, திகதி போட்ட பிரதியை வாங்கி வையுங்கள். துவக்கு தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

இன்னொரு பொறி, வீட்டிலிருக்கும் அப்பாவின் துவக்கு. உரிமம் ஆளுக்குத்தான். அவர் காலமானால் துவக்கை உடனே பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்கி, உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து வயல் அண்ணைக்கு ஒரு இரவுக்கு இரவல் கொடுத்தாலும் இருவரும் குற்றவாளிகள். கட்டுத்துவக்கு (கம்பி தட்டினால் தானே வெடிக்கும் பொறி), உரிமமில்லாத இடியன் (வாய்வழியே மருந்து இடிக்கும் நாட்டுத் துவக்கு), பன்றி வெடி (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) மூன்றும் சட்டவிரோதம். கட்டுத்துவக்கின் கம்பிக்குப் பன்றியும் விறகு பொறுக்கப் போகிற பிள்ளையும் ஒன்றுதான். பன்றி வெடியைக் கடித்த யானைக் கன்று வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். எந்தப் பயிரும் அதற்கு ஈடில்லை.

2. தோட்டா வாங்குமுன் துவக்கைப் பாருங்கள்

குழலின் அடியில், தோட்டா அறைக்குக் கிட்ட, எண்கள் பொறித்திருக்கும். 12-70 என்றிருந்தால் 12 போர், 70 மில்லிமீற்றர் அறை. பழைய இங்கிலாந்துத் துவக்குகள் சிலவற்றுக்கு அறை 65 மில்லிமீற்றர்தான். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்டபின் வாய் விரிந்த கோதின் நீளம். சுடாத 70 மில்லிமீற்றர் தோட்டா வாய் மடிப்போடு அதைவிடக் கட்டையாக இருப்பதால் 65 அறைக்குள் சுகமாக நுழைந்துவிடும். நுழைந்துவிட்டதே என்று சுட்டால் மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் எகிறும். எண் அழிந்திருந்தால் துவக்குத் திருத்தும் உரிமம் உள்ளவரிடம் அளக்கக் கொடுங்கள்.

குழலைத் திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். மாரிக்குப் பிறகு குளவி மண் கூடு கட்டியிருக்கும். வரம்பில் சறுக்கி விழுந்தால் வாயில் சேறு அடைத்திருக்கும். இரண்டுமே குழலை வெடிக்க வைக்கும். காவலுக்கு ஏறுமுன் ஒவ்வொரு நாளும் இதைப் பார்க்க வேண்டும். பிடங்கு (தோளில் வைக்கும் அடிக்கட்டை) ஆடுகிறதா, மூடிய குழல் பூட்டில் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். ஆடினால் சுடாதீர்கள்.

வீட்டில் 20 போர் துவக்கும் இருந்தால் தோட்டாக்களை வேறு வேறு அறையில் வையுங்கள். மஞ்சள் நிற 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுகி நடுவில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் இடது கை போய்விடும்.

3. தோட்டா: ஒரு வகையை எடுத்து அதிலேயே நில்லுங்கள்

இது சுருக்கமான பகுதி. சுருக்கமாக இருக்க வேண்டிய பகுதியும் இதுதான்.

எஸ்.ஜி. சன்னம் 8.4 மில்லிமீற்றர் அளவு, ஒன்று மூன்றரைக் கிராம். 32 கிராம் தோட்டாவில் 9 இருக்கும். எல்.ஜி. அதைவிடப் பெரிது, எண்ணிக்கை குறைவு. பி.பி. 4 மில்லிமீற்றர், ஏறத்தாழ 80 சன்னம், ஒவ்வொன்றும் அரைக் கிராமுக்கும் குறைவு. முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில் தடித்த தோற்கவசம் உண்டு. பி.பி. அதைத் தாண்டி உள்ளே போகாது. தோலுக்குள் தங்கிப் புண்ணாகி, கிழமைக்கணக்கில் பன்றியை வதைக்கும். ஆகவே பன்றிக்கு எஸ்.ஜி. போதும். எல்.ஜி. கிடைத்தால் அதுவும் சரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மீற்றர் கிட்டப் போவதால் வரும் வித்தியாசத்தைவிடச் சிறிது.

முக்கியம், ஒரே கம்பனி, ஒரே வகை, முடிந்தால் ஒரே பெட்டி வரிசை. கம்பனி மாறினால் வீச்சும் மாறும். ஈரத்தில் ஊதிய, பித்தளை பச்சை பிடித்த தோட்டாக்களைத் தனியே எடுத்துவிடுங்கள். காற்றுப்புகாத டப்பாவில், அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, துவக்கிலிருந்து பிரித்து, பூட்டி வையுங்கள்.

4. மூன்று கிழமை வெறும் துவக்குப் பயிற்சி

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனாலும் ஆட்கள் செய்யாமல் விடுவது இதைத்தான்.

ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன் தொடங்குங்கள். நாளுக்குப் பத்து நிமிடம். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, குழல் வெறுமை என்பதை இரண்டு முறை கண்ணாலும் ஒரு முறை விரலாலும் உறுதிப்படுத்துங்கள். மண் சுவரை நோக்கியே நில்லுங்கள். தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி பழுதாகாமலிருக்க, மருந்தில்லாத பயிற்சித் தோட்டா போடுங்கள். அது இல்லாவிட்டால் விசை இழுக்கும் பயிற்சியைக் குறைத்து, துவக்கைத் தூக்கி வைக்கும் பயிற்சியைக் கூட்டுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். துவக்கைக் கன்னத்துக்குக் கொண்டு வாருங்கள். கன்னத்தைத் துவக்குக்குக் கொண்டு போகாதீர்கள். கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில் பதிய வேண்டும். கன்னம் தூக்கினால் சன்னம் மேலால் போகும். பரணிலிருந்து சுடும் சூடு முதுகுக்கு மேலால் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். பிடங்கு தோள் எலும்பிலோ புயத்திலோ இல்லாமல் தோட்பள்ளத்தில் அமர வேண்டும். கண்ணை மூடி 30 முறை தூக்கி வையுங்கள். திறந்து பார்க்கும்போது குழல் நினைத்த இடத்தை நோக்கியிருந்தால் உடம்பு பழகிவிட்டது.

அடுத்தது இருந்துகொண்டு பயிற்சி. பரணில் நின்று சுடப்போவதில்லை. பலகையில் சப்பணம் கட்டி இருந்து, சாரத்தோடும் இரவுக் குளிருக்குப் போடும் தடித்த சட்டையோடும் பழகுங்கள். தடித்த சட்டை பிடங்கை முன்னால் தள்ளும். அதை மார்கழி இரவில் கண்டுபிடிக்கக் கூடாது.

5. கடதாசியில் எட்டுத் தோட்டா

உரிமத்தில் வாங்கக்கூடிய தோட்டா அளவானது. அதில் எட்டைக் கடதாசிக்குக் கொடுக்கச் சொன்னால் பலருக்கு வயிறு எரியும். ஆனால் இந்த எட்டுத்தான் மீதித் தோட்டாக்களை வீணாகாமல் காக்கும். செய்யுமுன் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் இடம், நாள், நேரம் சொல்லி அனுமதி கேளுங்கள். சொல்லாமல் எட்டு வெடி வைத்தால் வன்னியில் யார் யார் வந்து நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து வயல்காரருக்கும் சொல்லுங்கள். பின்னால் குளக்கட்டளவு உயரமான மண் மேடு இருக்க வேண்டும். குளத்துத் தண்ணீரையோ கல்லையோ நோக்கிச் சுடக்கூடாது. சன்னம் தெறித்துத் திரும்பும்.

சீமெந்துப் பையைக் கிழித்து ஒட்டி ஒரு மீற்றர் சதுரக் கடதாசி செய்யுங்கள். நடுவில் கரியால் 25 சென்ரிமீற்றர் வட்டம் போடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில் பன்றியின் இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் அவ்வளவுதான். 15, 20, 25 மீற்றரில் இரண்டிரண்டு. மிச்சம் இரண்டு, இரட்டைக் குழலானால் மற்றக் குழலுக்கு. தூரத்தை நாடாவால் அளங்கள், காலடியால் வேண்டாம். ஒவ்வொரு சூட்டுக்கும் புதுக் கடதாசி, தூரமும் குழலும் எழுதிவிடுங்கள்.

சோக் எனப்படும் வாய் இறுக்கம் இல்லாத குழலில் எஸ்.ஜி. ஏறத்தாழ ஒரு யார் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் விரியும். 15 மீற்றரில் 42 சென்ரிமீற்றர், 25 மீற்றரில் 70, 35 மீற்றரில் ஒரு மீற்றர். நடுவில் சற்று அடர்த்தியாக விழும் என்றாலும், 25 மீற்றரில் 9 சன்னத்தில் ஒன்றோ இரண்டோதான் வட்டத்துக்குள் விழும். 35 மீற்றரில் அதுவும் அதிர்ஷ்டம். இறுக்கமான சோக் உள்ள குழல் பெரும்பாலும் நெருக்கமாக வீசும். ஆனால் பெரிய சன்னம் இறுக்கத்தில் நசுங்கிக் கோணலாகப் பறப்பதும் உண்டு. பெயரைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, கடதாசிதான் சொல்லும்.

இரண்டு கடதாசியிலும் வட்டத்துக்குள் குறைந்தது 5 சன்னம் விழுந்த கடைசித் தூரம் எதுவோ, அதுவே உங்கள் தூரம். அது 15 மீற்றர் என்றால் 15 மீற்றர்தான். பக்கத்து வயல் அண்ணை 40 மீற்றரில் விழுத்தியதாகச் சொன்னால், ஓடிப்போனவை எத்தனை என்று அவருக்குத் தெரியாது.

வட்டத்துக்கு வெளியே ஒரு பக்கமாகச் சன்னம் குவிந்தால் துவக்கு கோணலாக எறிகிறது, அல்லது நீங்கள் திடுக்கிடுகிறீர்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம்பிக்கையான ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் சிலவேளை தோட்டாவும் சிலவேளை பயிற்சித் தோட்டாவும் போட்டுத் தரட்டும். வெடிக்காத முறை குழல் வாய் கீழே குத்தினால் பிழை கையில்தான். நாலாம் படிக்குத் திரும்பி இன்னும் ஒரு கிழமை.

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை அதே திசையில் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுங்கள், பிறகு திறவுங்கள். சத்தம் வழமையைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். உள்ளே அடைப்புச் சிக்கியிருக்கலாம். குழலை ஊடே பார்த்துவிட்டே போடுங்கள்.

6. பரணும் தூரக் கம்பும்

பரண் மூன்று நான்கு மீற்றர் உயரமாக இருப்பது யானைக்கும் பாம்புக்கும் பயந்து மட்டுமல்ல. மேலிருந்து கீழே சுட்டால் மிச்சச் சன்னம் மண்ணுக்குள் போகும். தரையில் நின்று குழல் வாய் மேல்நோக்கியிருக்கச் சுட்டால் எஸ்.ஜி. சன்னம் ஏறத்தாழ 650 மீற்றர் வரை போகக்கூடும், பி.பி. 320 மீற்றர் வரை. அந்தத் தூரத்துக்குள் எத்தனை காவல் கொட்டில் இருக்கிறது என்று பகலில் எண்ணிப் பாருங்கள்.

பகலிலேயே பன்றி வரும் வழியைப் பாருங்கள். வேலியில் நுழைந்த பொட்டு, சேற்றில் குளம்பு, மரத்தில் உரஞ்சிய மண். உங்கள் தூரத்தைப் பரணிலிருந்து நாடாவால் அளந்து, நான்கு பக்கமும் சுண்ணாம்பு பூசிய கம்பு நடுங்கள். இரவில் 25 மீற்றரும் 40 மீற்றரும் ஒன்றுபோலத் தெரியும். கம்புக்கு அப்பால் நிற்கும் பன்றிக்குத் தகரம் தட்டுங்கள், கூவுங்கள். காவலின் நோக்கம் பயிர் மிஞ்சுவதுதான். கச்சான் தோட்டத்துக்கும் இதே ஒழுங்குதான். ஆனால் அங்கே மறைப்பு இல்லாததால் பன்றி விளிம்பிலேயே நின்று பார்க்கும். கம்பை விளிம்பை ஒட்டி நடுங்கள்.

7. இருட்டில் அடையாளம்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஒருமுறை கைத்தொலைபேசியைப் பார்த்தால் திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

டோர்ச் அடித்ததும் பளிச்சென்று மின்னும் கண் பன்றியுடையதல்ல. மாடு, நாய், மான், சிறுத்தை ஆகியவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. பன்றிக்கு அது இல்லை. மின்னினால் சுடாதீர்கள். மின்னாவிட்டாலும் உடனே சுடாதீர்கள், மனிதக் கண்ணும் அப்படி மின்னாது. இரவில் மாடு தேடி வருகிறவரும் தண்ணீர் திருப்ப வருகிறவரும் வரம்பில் குனிந்தே வருவார்கள். முழு உடம்பையும், தலையையும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் காணும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். சத்தத்துக்குச் சுடுவது ஒருபோதும் கூடாது.

மான், மரை, சருகுமான், அழுங்கு, கரடி, சிறுத்தை எல்லாம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; பயிர்க் காவல் உரிமம் அவற்றைத் தொட அனுமதி தராது. குரங்கு, மயில் விடயத்தில் வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். யானைக்கு எஸ்.ஜி. சுடுவது குற்றம் மட்டுமல்ல, புண்பட்ட யானை அடுத்த கிழமை யாரோ ஒருவரைக் கொல்லும். யானையைச் சத்தத்தால் விரட்டும் யானை வெடியை அந்த அலுவலகத்தில் கேளுங்கள். மடு வீதி, சுண்டிக்குளம் தேசியப் பூங்காக்களை ஒட்டிக் காணி உள்ளவர்கள் எல்லைக் கல்லை அறிந்து வையுங்கள். துவக்கோடு அதைத் தாண்டுவதே குற்றம்.

8. சுட்ட பிறகு

பன்றி எங்கே நின்றது, எந்தப் பக்கம் ஓடியது என்பதை ஒரு கம்பைக் குறிவைத்து மனதில் எடுங்கள். அரை மணி நேரம் பரணிலேயே இருங்கள். உடனே துரத்தினால் படுக்கப்போன பன்றி எழும்பி ஓடும், அல்லது பற்றைக்குள் நின்று திரும்பி வந்து கோரைப் பல்லால் தொடையைக் கிழிக்கும். இரவில் தனியே இறங்க வேண்டாம். விடிந்ததும் இரண்டு பேராக, இரத்தத்தைப் பார்த்துப் போங்கள். இரத்தத்தில் நுரையிருந்தால் நுரையீரல், கிட்டத்தான் கிடக்கும். பச்சை நாற்றம் அடித்தால் குடல். இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும்.

தடம் எங்கே போனாலும், மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளமோ கண்ட இடத்தில் நில்லுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. ஒரு பன்றிக்காக ஒரு காலைக் கொடுக்க முடியாது. பற்றைக்குள் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், அடையாளம் வைத்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

சுடாமலே செத்துக் கிடக்கும் பன்றியைத் தொட்டு வராதீர்கள். 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் உங்கள் செருப்பில் ஒட்டிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பன்றிப் பண்ணையை அழித்துவிடும். சுட்ட பன்றியின் இறைச்சியை விற்கவோ வாகனத்தில் கொண்டுபோகவோ நினைத்தால் முதலில் வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள்.

9. உரிமம் புதுப்பித்தல்

உரிமம் டிசம்பர் 31 வரைதான், அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கும் காலம் ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை. நெல் பால் பிடித்துப் பன்றி இறங்கும் மார்கழியும் கடைசி நாட்களின் வரிசையும் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் துவக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒரு பிரதி குறைந்து திரும்பி வந்து, மறுபடி போனால் இரண்டு மூன்று காவல் இரவு போய்விடும். பழைய உரிமம், அடையாள அட்டை, அந்தப் போகத்தின் கமநலப் பதிவு, துவக்கின் இலக்கம், வாங்கிய தோட்டாக்களின் சிட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒக்டோபர் முதற் கிழமையிலேயே போங்கள். துவக்கையும் கொண்டுவர வேண்டுமா என்று முதல் நாள் தொலைபேசியில் கேளுங்கள். கொண்டுபோவதானால் குழலைக் கழற்றி, உறையில் போட்டு, தோட்டா ஒன்றும் எடுக்காமல், உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துப் போங்கள்.